தோளில் குறைந்த எடை

பசியாவரத்துக் கரையில் நின்று பார்த்தால் பழவேற்காடு ஏரி கண்ணுக்கு எட்டிய மட்டும் தட்டையாகக் கிடக்கிறது. மேடு இல்லை, மரம் இல்லை, மறைந்து நிற்க ஒரு புதர் இல்லை. தை, மாசியில் வெகு தூரத்தில் வெளிறிய சிவப்பாக ஒரு கோடு தெரியும். அது பூநாரைக் கூட்டம். உடன் வந்த நண்பருக்குத் துப்பாக்கிப் பைத்தியம். இங்கே ஒரு உள்ளானைக்கூடச் சுடக்கூடாது என்பது அவருக்கும் தெரியும். ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை. "ஆறு பவுண்டு எடைக்குள்ள நல்ல ரைஃபிளா ஒண்ணு, அதுக்கு எந்த காலிபர் எடுக்கலாம்?" என்றார். படகுக்கார அண்ணன் பதில் சொல்லவில்லை. குனிந்து ஒரு கிளிஞ்சலை எடுத்துத் தண்ணீர்மேல் படுக்கையாக வீசினார். அது நாலு தத்து தத்திப் போய் முழுகியது. "குண்டும் இப்படித்தான சார் போவும்? அந்தாண்ட வலை இழுக்கிறவன் நிக்கிறான்."

ஆயுத நிபுணர்கள் பக்கம் பக்கமாக எழுதுவதை அவர் ஒரு கிளிஞ்சலில் சொல்லிவிட்டார். தாழ்ந்த கோணத்தில் தண்ணீரைத் தொடும் குண்டு உள்ளே போகாது, தெறித்துப் பறக்கும். சின்னஞ்சிறு .22 குண்டுகூட ஒரு கிலோமீட்டரைத் தாண்டும். ஏரியோ ஆளில்லாத வெளி அல்ல. பாடு முறைப்படி இன்ன நாளில் இன்னார் இன்ன இடத்தில் வலை போடுவது என்று தண்ணீரையே பங்கு பிரித்து வைத்திருக்கும் ஊர்கள் இதன் கரையில் இருக்கின்றன. ஆழமும் சராசரியாக ஒரு மீட்டர் அளவுதான். எங்கே பார்த்தாலும் இடுப்பளவுத் தண்ணீரில் யாராவது நின்றுகொண்டிருப்பார்கள். ரைஃபிளுக்கு இது இடமே இல்லை.

இத்தனைக்கும் வெடிமருந்து இந்த ஊருக்குப் புதிதல்ல. 1613-ல் டச்சுக்காரர்கள் பழவேற்காட்டில் கட்டிய கெல்டிரியா கோட்டையில் வெடிமருந்து ஆலை ஓடியது. கிழக்கே அவர்களுடைய மற்றக் கோட்டைகளுக்கும் இங்கிருந்து மருந்து போயிற்று. ஆனாலும் இந்த ஊரை வளர்த்தது துப்பாக்கி அல்ல, வலைதான்.

நண்பரின் கேள்விக்கு உரிய மண் தமிழ்நாட்டில் இல்லாமல் இல்லை. அது நீலகிரியின் மேல்மலை. வரையாட்டைத் தேடி இரண்டாயிரம் மீட்டருக்கு மேல் மூச்சு வாங்க ஏறி, ஒரு பாறை விளிம்பில் படுத்து, பள்ளத்துக்கு அந்தப் பக்கம் நிற்கும் கடாவைக் குறிபார்க்க வேண்டும். வெள்ளைக்காரர் காலத்து வேட்டைக்காரர்கள் இதற்கென்றே ஊட்டிக்கு வந்தார்கள். மனம்போல் சுட்டுத் தீர்த்தபிறகு ஞானம் வந்து 1877-ல் ஒரு வேட்டைச் சங்கம் வைத்தார்கள். 1879-ல் நீலகிரிக்கென்று தனிச் சட்டமே வந்தது. அந்த மலையில் நாள் முழுக்கத் தோளில் தொங்கும் ஒவ்வொரு பவுண்டும் கணக்குதான். களைத்த கை நடுங்கும், நடுங்கிய கை தவறும். எடை குறைந்த ரைஃபிளின் முதல் நியாயம் இங்கே பிறக்கிறது, அது நல்ல நியாயம். நேராகவும் வேகமாகவும் போகும் சிறு குண்டுக்கும் இங்கேதான் மதிப்பு. தூரத்தைக் கொஞ்சம் தப்பாகக் கணித்தாலும் குண்டு அவ்வளவாகக் கீழே இறங்காது.

ஆனால் சுமக்கிறபோது குறைந்த எடை சுடுகிறபோது திரும்பி வருகிறது. அதே தோட்டாவை நாலு கிலோ துப்பாக்கியிலும் மூன்று கிலோ துப்பாக்கியிலும் போட்டுச் சுட்டால், பின்னால் உதைக்கும் ஆற்றல் மூன்று கிலோவில் மூன்றில் ஒரு பங்கு கூடும். இது கருத்து அல்ல, பள்ளிக்கூட இயற்பியல். உதை வாங்கிப் பழகிய தோள், அடுத்த முறை விசையை இழுப்பதற்கு முன்பே சுருங்கும். கண் தானாக மூடும். துப்பாக்கிக் கடைக்காரர் எடையைச் சொல்வார், இதைச் சொல்லமாட்டார். இன்னொன்று, இலேசான குழல் சீக்கிரம் சூடாகும். மூச்சின் அசைவும் நாடித் துடிப்பும் அதன் நுனியில் பெரிதாகத் தெரியும். கனத்த துப்பாக்கி தன் சோம்பலாலேயே நிதானமாக நிற்கும். மலை ஏறுகிறவனுக்கு எது வரமோ அதுவே ஏறி முடித்ததும் சாபமாகிவிடுகிறது.

இதற்கு மாற்றாக வந்ததுதான் காலிபரை, அதாவது குழலின் உள்விட்டத்தை, குறைக்கும் யோசனை. துப்பாக்கி இலேசாக வேண்டும், உதையும் கூடாது என்றால் சின்னத் தோட்டாவைப் போடு. இந்தக் கட்சிக்குப் பெரிய சாட்சி, ஆப்பிரிக்காவில் யானை வேட்டையாடிய 'கரமோஜோ' பெல். ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளை வீழ்த்தியவர். அவற்றில் பெரும்பாலானவை .275 ரிக்பியில், மான் சுடுவதற்கென்று வைத்திருக்கும் அளவுக் குண்டில். யானையின் மண்டையோட்டை அறுத்துப் பார்த்து, மூளை எந்த இடத்தில் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று படித்தவர் அவர். சிறு குண்டு போதும் என்று சொல்கிறவர்கள் பெல்லின் துப்பாக்கியைக் காட்டுகிறார்கள். அந்தப் படிப்பையும் பொறுமையையும் யாரும் காட்டுவதில்லை.

எதிர்ச் சாட்சி சம்பாவத்துப் புலி. 1907-ல் குமாவுன் மலையில் ஜிம் கார்பெட் சுட்ட அந்தப் பெண்புலி 436 பேரைக் கொன்றதாகக் கணக்கு. வாயைத் திறந்து பார்த்தபோது வலப்பக்கக் கோரைப்பற்கள் மேலும் கீழும் உடைந்திருந்தன. மேற்பல் பாதியோடு போயிருந்தது, கீழ்ப்பல் எலும்புவரை. எப்போதோ எவனோ சுட்ட குண்டு செய்த வேலை. தன் இயல்பான இரையை அடிக்க முடியாத புலி மனிதரிடம் வந்தது. அந்தக் குண்டு சின்னதா பெரிதா என்பது யாருக்கும் தெரியாது; சுட்டவன் பின்தொடர்ந்து போய் முடிக்கவில்லை என்பது மட்டும் தெரியும். இந்த வேட்டைக்குப் பரிசாகக் கார்பெட்டுக்குக் கிடைத்ததும் ஒரு .275 ரிக்பிதான், பெல் வைத்திருந்த அதே காலிபர். நம் பக்கத்தில் சேலம், ஜவளகிரிக் காடுகளில் திரிந்த கென்னத் ஆண்டர்சன் இந்த வம்பே வேண்டாம் என்று .405 வின்செஸ்டரை வைத்துக்கொண்டார். அடர்ந்த புதருக்குள் பத்துப் பதினைந்து கஜத்தில் பாய வரும் மிருகத்துக்கு நேர்ப் பறப்பும் தொலைநோக்கிக் குறியும் எதற்கு? எனக்கு அவர் பக்கம்தான் நியாயம் தெரிகிறது. காலிபர் என்பது மிருகத்தின் அளவை மட்டும் பொறுத்தது அல்ல. தப்பினால் என்ன ஆகும் என்பதையும் பொறுத்தது.

மேல்நாட்டில் எடையைக் குறைக்கும் தர்க்கம் இப்போது அலங்காரமாகிவிட்டது. கார்பன் இழைக் குழல், டைட்டானிய உடல், 2007-ல் வந்து கொடிகட்டிப் பறக்கும் 6.5 கிரீட்மூர் தோட்டா என்று ஒவ்வோர் ஆண்டும் சில கிராம் குறைகிறது, விலை கூடுகிறது. காரிலிருந்து இறங்கி ஐம்பது அடி நடக்கிறவனுக்கும் அதே இமயமலைத் துப்பாக்கியை விற்கிறார்கள்.

நம் நாட்டில் காலிபரைத் தேர்ந்தெடுப்பது வேட்டைக்காரன் அல்ல, சட்டம். கலகக்காரர் கைக்குப் பட்டாளத்துத் தோட்டா போய்விடக்கூடாது என்று 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேய அரசு .450-ஐத் தடுத்தது. லண்டன் கம்பெனிகள் கொஞ்சமும் அசராமல் .465, .470 என்று புதுத் தோட்டாக்களைச் செய்து அனுப்பின. .303 இன்றைக்கும் சாமானியருக்குத் தடை. அதனால்தான் நம் அரசுத் தொழிற்சாலைகள் லீ என்ஃபீல்டு சாயலிலேயே .315 என்ற தனி காலிபரில் ரைஃபிள் செய்து விற்றன. அறிவியலில் பிறந்த அளவல்ல அது, அச்சத்தில் பிறந்தது. 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 13-ம் பிரிவைப் படித்தால் இன்னும் சுவாரசியம். பாதுகாப்புக்கோ விளையாட்டுக்கோ என்றால் இருபது அங்குலத்துக்குக் குறையாத, மரை வெட்டாத குழல். பயிரைக் காக்க என்றால் வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கி. அது போதாது என்று அதிகாரிக்குத் தோன்றினால்தான் வேறு. ஒரு கட்டுரையாளன் எழுதவேண்டிய காலிபர் ஆலோசனையைச் சட்ட வரைவாளர் எழுதி வைத்திருக்கிறார்.

அந்த ஆலோசனை அவ்வளவு மோசமில்லை என்பதற்கு நரிக்குறவர் கையிலிருந்த நாட்டுத் துப்பாக்கியே அத்தாட்சி. நீண்ட ஒற்றைக் குழல், பெயருக்கு ஒரு மரப்பிடி, எடை என்று சொல்ல ஒன்றுமில்லை. குழல் வாயில் கருமருந்தைக் கொட்டி, தேங்காய் நாரையோ கந்தலையோ வைத்துக் கம்பியால் கெட்டித்து, மேலே ரவையைப் போட்டு, மறுபடி நார் வைத்து அடைத்து, பின்னால் தீ மூட்டும் கேப்பைச் செருகுவார்கள். காடைக்குப் பொடி ரவை, கொஞ்சம் மருந்து. பெரிய பறவைக்குப் பருத்த ரவை, ஒரு சிட்டிகை கூடுதல். அதாவது ஒரே குழலில் எத்தனை காலிபர் வேண்டுமோ அத்தனை. தோட்டா நிறுவனங்கள் நூறு அட்டைப்பெட்டியில் அடைத்து விற்பதை இவர்கள் உள்ளங்கையில் அளந்தார்கள். ஒரு முறை சுட்டால் மறுமுறை கெட்டிக்க நேரமாகும். ஆகவே பக்கத்தில் போகாமல், நிச்சயமில்லாமல் சுடமாட்டார்கள். அந்தத் தாமதமே ஒரு ஒழுங்கு.

குறைகளையும் மறைக்க வேண்டாம். மருந்து கூடினால் குழல் வெடித்துக் கை போகும். ஈரம் பட்டால் கேப்பு மட்டும் 'டப்' என்று அடங்கிவிடும். பழவேற்காட்டு உப்புக்காற்றில் இரும்புக் குழல் ஒரு மழைக்காலம் தாங்குவதே பெரிது. எல்லாவற்றுக்கும் மேல், 1972-ம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் வந்தபோது உரிமத்தோடு வேட்டையாட இடம் இருந்தது. 1991 திருத்தம் அதையும் எடுத்துவிட்டது. வைஸ்ராய் லின்லித்கோ பரத்பூரில் 1938 நவம்பர் 12-ம் தேதி ஒரே நாளில் 4,273 பறவைகளைச் சுட்டு வீழ்த்திய கூட்டத்துக்குத் தலைமை விருந்தாளி. அந்தக் கணக்கைத் தீர்க்க வந்த சட்டத்தில் முதலில் பிடிபட்டவர்கள் காடை சுட்டுக் கஞ்சி குடித்தவர்கள். சட்டம் தேவைதான், அதன் சுமை விழுந்த தோள் எது என்பதையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

ஏரிக்கு வருவோம். ரைஃபிள் ஆகாது என்றால் நீர்ப்பறவைக்கு உலகமெங்கும் சொல்வது பன்னிரண்டு போர் (bore) ரவைத் துப்பாக்கி. ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டையாக்கினால் ஓர் உருண்டையின் குறுக்களவு எவ்வளவோ அதுதான் குழலின் அளவு. பெயரிலேயே ஈயம் இருக்கிறது. படகில் நின்று சுடுகிறவனுக்கு இலேசான துப்பாக்கி சட்டென்று தூக்கித் திருப்ப வரும். ஆனால் உதை படகை ஆட்டும், ஆள் தண்ணீருக்குள். ஐரோப்பாவில் சிலர் துப்பாக்கியைப் படகிலேயே பீரங்கிபோலக் கட்டி, உதையைப் படகு வாங்கிக்கொள்ளும்படி செய்து, ஒரே வெடியில் டஜன் கணக்கில் வாத்துகளை வீழ்த்தினார்கள். ரவை தெறித்து வெகு தூரம் போகாது என்பது பன்னிரண்டு போரின் பெரிய நன்மை. படகுக்கார அண்ணனின் கிளிஞ்சல் வாதத்துக்கு அது பதில் சொல்லிவிடுகிறது.

ஆனால் வேறொரு கேள்விக்குப் பதில் இல்லை. ஆறாம் எண் ரவை போட்ட ஒரு தோட்டாவில் 250 முதல் 300 வரை ஈயக் குண்டுமணிகள். பறவை உடம்பில் ஏறுவது ஐந்தோ ஆறோ. மீதி? கடலில் என்றால் ஆழத்தில் போய்விடும் என்று மனதைத் தேற்றலாம். இங்கே ஒரு மீட்டர் தண்ணீருக்குக் கீழே சேறு. வாத்தும் கிளுவையும் இரையை அரைக்கச் சிறு கல் பொறுக்கி விழுங்கும் இனங்கள். அவற்றுக்குக் கல்லும் ரவையும் ஒன்றுதான். வயிற்றில் ஈயம் அரைபட்டு நஞ்சாகி, ஒரு வெடிச் சத்தமும் இல்லாமல் பறவை சாகும். இதைக் கண்டுதான் அமெரிக்கா 1991-ல் நீர்ப்பறவை வேட்டைக்கு ஈய ரவையை நிறுத்தியது; ஐரோப்பிய ஒன்றியம் 2023-ல் ஈரநிலங்களில் தடுத்தது. மாற்றாக வந்த எஃகு ரவை ஈயத்தைவிட இலேசு. இலேசு என்பதால் சீக்கிரம் வேகம் இழக்கிறது. இழப்பை ஈடுகட்டப் பருத்த ரவை போட வேண்டியிருக்கிறது. எடையை ஓரிடத்தில் குறைத்தால் அது இன்னோரிடத்தில் தலைகாட்டாமல் இருப்பதில்லை.

எல்லாவற்றிலும் இலேசானது ஏர் கன். .177 அளவு, 20 ஜூலுக்கு மேற்படாத ஆற்றல் என்றால் உரிமமே வேண்டாம் என்கிறது 2016-ம் ஆண்டு விதி. உதை இல்லை, சத்தம் இல்லை, செலவு இல்லை. என் பார்வையில் இந்தப் பட்டியலிலேயே மிக மோசமான வேட்டைக் கருவி இதுதான். கொல்லும் அளவுக்குப் பலமில்லாமல், காயப்படுத்தும் அளவுக்குப் பலமாக இருக்கிறது. அருணாசலப் பிரதேசம் 2021-ல் ஏர் கன்களைத் தாமாக ஒப்படைக்கச் சொல்லி இயக்கமே நடத்தியது காரணமில்லாமல் அல்ல.

படகில் ஏறிய பிறகும் நண்பர் இதையெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார். ஆறு பவுண்டு ஆசை கொஞ்சம் குறைந்த மாதிரிதான் இருந்தது. படகு கரை திரும்புகிற வழியில் இருளர் பெண்கள் நாலைந்து பேர் மார்பளவுத் தண்ணீரில் குனிந்து இறால் தடவிக்கொண்டிருந்தார்கள். வலை கிடையாது, தூண்டில் கிடையாது. பறியின் கயிற்றைப் பல்லில் கடித்தபடி, இரண்டு கையும் சேற்றுக்குள். ஒருத்தி கையை வெளியே எடுத்து எதையோ பார்த்தாள். இறால் இல்லை போலிருக்கிறது, தூர எறிந்துவிட்டு மறுபடி கையை உள்ளே விட்டாள்.