தெக்கன் பாட்டுகள் படைத்த அரசர்கள்

திருவனந்தபுரம் மாவட்டத்தின் தென்கோடியில் பாறசாலை முதல் நெய்யாற்றின்கரை வரை உள்ள ஊர்களிலும், களியக்காவிளை எல்லையைக் கடந்தால் வரும் விளவங்கோடு, கல்குளம் பகுதிகளிலும் வழங்கிவரும் நெடிய கதைப்பாடல்களைக் கேரள இலக்கிய வரலாற்றாசிரியர்கள் தெக்கன் பாட்டுகள் என்பர். அவற்றைக் கோவில் கொடை விழாக்களில் பாடும் கலை, வில்லுப்பாட்டு என்றும் வில்லடிச்சான் பாட்டு என்றும் அழைக்கப்படுகிறது. வரலாற்றில் அரைகுறையாகவே அடையாளம் காணத்தக்க மன்னர்களுக்குக் குலமும் கோட்டையும் பகைவரும் அமைச்சரும் சாவும், சாவுக்குப் பின் ஒரு பீடமும் தந்து முழு அரசுகளை இப்பாடல்கள் எழுப்பியுள்ளன. ஏட்டில் எழுதிய பெயர் தெரியாத புலவர், அதைப் படியெடுத்தவர், பாடிய அண்ணாவி, கேட்ட ஊரார் எனப் பல தலைமுறையினர் சேர்ந்து செய்த படைப்பு அது.

அண்ணாவி என்பவர் குழுவின் தலைமைப் பாடகர். மணிகள் கட்டிய வில்லை வீசுகோலால் அடித்து அவர் கதையை நடத்த, குடமும் உடுக்கையும் தாளமும் துணைநிற்க, பக்கப்பாட்டுக்காரர்கள் அவர் விட்ட அடியை எடுத்துப் பாடுவர். காப்பு, வருபொருள், குருவடி, அவையடக்கம், நாட்டு வளம், கதை, வாழி என்ற வரிசை மரபாகப் போற்றப்படுகிறது. இவற்றுள் நாட்டு வளம் பாடும் பகுதியே ஒரு நாட்டைக் கேட்போர் கண்முன் நிறுத்துவது. வயலும் ஆறும் மதிலும் அங்கே சொல்லப்பட்ட பிறகுதான் அரசன் பிறக்கிறான். அண்ணாவிக்கு அங்கே விரித்துப் பாட இடமுண்டு. ஆனால் தெய்வத்தின் பிறப்பையும் இறப்பையும் மாற்ற அவருக்கு உரிமையில்லை, ஏனெனில் அவர் பாடும் இடம் அந்தத் தெய்வம் ஆடவேண்டிய களம்.

பாண்டிய நாட்டுச் சார்புடைய கதைகளில் ஐவர் ராசாக்கள் கதை தலையாயது. வள்ளியூரைத் தலைமையிடமாகக் கொண்டு ஐந்து சகோதரர்கள் ஆள, அவர்களுள் குலசேகரன் மேல் கன்னடிய மன்னனின் மகள் காதல் கொள்கிறாள், குலசேகரன் மணவினையை மறுக்கிறான், போர் மூள்கிறது, சிறைப்பட்ட அரசன் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொள்ள, அவளும் அவனோடு மடிகிறாள். நா. வானமாமலை பதிப்பித்த இக்கதையின் கன்னடியன் யார் என்பதில் ஆய்வாளரிடையே ஒருமித்த கருத்தில்லை. எனினும், அடையாளம் தெளியாத அந்தப் பகைவனை வைத்துக்கொண்டே வள்ளியூர் அரசு உடையாமல் நின்றிருக்கிறது என்பதே இம்மரபின் வலிமைக்குச் சான்று. இதன் உறவுக் கதையான உலகுடைய பெருமாள் பாட்டின் தலைவனுக்குத் தம்புரான் என்ற பெயரில் எல்லையின் இருபுறத்திலும் வழிபாடு உண்டு.

வேணாட்டுச் சார்புடைய கதைகள் வரலாற்றுக்கு நெருங்கியவை. பதினேழாம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர் படையைக் கணியாகுளத்தில் எதிர்த்து மாண்ட அமைச்சர் இரவிக்குட்டிப் பிள்ளையின் பாடல், தீக்கனவு கண்ட பெண்கள் தடுத்தும் அவர் களம் புகுவதையும், உடனிருந்தோரின் வஞ்சத்தையும் பாடுகிறது.

ஆனால் ஓர் அரசனை இரு வேறு உலகங்களில் இரு வேறு மனிதனாகக் காட்டுவது தம்பிமார் கதையே. 1729 முதல் 1758 வரை ஆண்ட மார்த்தாண்டவர்மரை, பகைவர் துரத்தியபோது அம்மச்சிப் பிலாவு என்னும் பலாமரத்தின் பொந்தில் ஒளிந்து தப்பியவராக நெய்யாற்றின்கரை மரபு நினைவுகூர்கிறது; அங்குள்ள கிருஷ்ணசாமி கோவிலோடு அந்த மரம் இணைத்துப் பேசப்படுகிறது. சி. வி. இராமன் பிள்ளை 1891இல் வெளியிட்ட 'மார்த்தாண்டவர்மா' புதினத்திலும் அவரே நாயகர், முன்னைய மன்னரின் மகன் பப்புத் தம்பியோ எதிரி. வில்லுப்பாட்டில் இந்த நிலை முற்றாக மாறுகிறது. மருமக்கள் தாயத்தின்படி, அதாவது அரசுரிமை சகோதரியின் மகனுக்குச் செல்லும் முறைப்படி, பட்டமேறியவர் மார்த்தாண்டவர்மர். தந்தையின் நாட்டைக் கோரியவர்கள், முன்னைய மன்னரின் மகன்களான தம்பிமார். அவர்களின் தங்கையை அரசர் விரும்பியதே பகைக்குக் காரணம் என்று பாடல் சொல்லி, வெட்டுண்ட சகோதரர்களையும் உயிர்விட்ட தங்கையையும் தெய்வமாக்குகிறது. அரண்மனை வென்ற வழக்கில் தோற்றவர்களுக்கு ஊரார் பாட்டின் வழியே நீதி வழங்கியிருக்கிறார்கள் என்பதால், இக்கதையை வெறும் கற்பனையென்று ஒதுக்குவது பெரும் பிழையாகும்.

ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் 1988இல் வெளியிட்ட ஆய்வு, இப்பாடல்களைப் பிறப்புக் கதைகள், இறப்புக் கதைகள் என இரண்டாகப் பிரித்துக் காட்டியது. கயிலையில் தோன்றிய தெய்வங்கள் முதல் வகையின. கொலையுண்டு தெய்வமானோர் இரண்டாம் வகையினர். எல்லையோரத்து அரசர்கள் பெரும்பாலும் இரண்டாம் வகையினர். ஆகவே இங்கே அண்ணாவியின் தரத்தை அளக்கும் இடம் சாவுக் கட்டம்: அங்கே உடுக்கையின் வேகமும் குரலும் ஒன்றி எழுந்து சாமியாடி அருள்பெற்றால் பாட்டு நிறைவுற்றது. கலைவாணர் என். எஸ். கிருஷ்ணனும் சுப்பு ஆறுமுகமும் இக்கலையை மேடைக்குக் கொண்டுவந்து செய்த தொண்டு பெரிது. எனினும் சில மணி நேரத்தில் முடியும் மேடை நிகழ்ச்சியில் இந்த அளவுகோலுக்கு இடமில்லை.

1956 நவம்பர் 1ஆம் நாள் விளவங்கோடு, கல்குளம், அகஸ்தீஸ்வரம், தோவாளை ஆகியவை தமிழகத்தோடு இணைய, நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் தங்கியது. தமிழும் மலையாளமும் கலந்த ஒரே பாட்டு இரு இலக்கியங்களின் உடைமையாயிற்று. எல்லை பிரியும் முன்பே உள்ளூர் பரமேசுவரய்யர் போன்றோர் அதை மலையாள இலக்கிய வரலாற்றில் வைத்து ஆராய்ந்திருந்தனர், அ. கா. பெருமாள் போன்றோர் தமிழ் நாட்டார் வழக்காறாகப் பதிவு செய்தனர். ஒரு பக்கத்து ஏட்டில் நாட்டு வளமும் மறுபக்கத்து ஏட்டில் சாவுக் கட்டமும் செழித்திருக்கக் கூடும் என்பதால், ஒரு பக்கத்துப் பாடத்தை மட்டும் வைத்து இந்த அரசுகளின் முழு உருவத்தை அறிய முடியாது. கேரளப் பல்கலைக்கழகமும் தமிழகப் பல்கலைக்கழகங்களும் தத்தம் ஏடுகளை ஒன்றாக வைத்து, இரு எழுத்திலும் பாடவேறுபாடுகளுடன் ஒரு கூட்டுப் பதிப்பைக் கொண்டுவர வேண்டும். பழைய முறையில் பாடத் தெரிந்த அண்ணாவிகள் இருக்கும்போதே அப்பணி தொடங்கப்பட வேண்டும்.