படத்தை மூடிவிட்டு வாசியுங்கள்

மேலே ஓர் இயற்கைப் புகைப்படம், கீழே மூன்று வரி. ஹைக்கூ என்றால் நமக்கு இப்போது இதுதான் கண்பழகியிருக்கிறது. படத்தில் பனி, வரியிலும் பனி. படத்தில் செர்ரிப் பூ, வரியிலும் அதே பூ. படத்தை எடுத்துவிட்டால் கவிதை விழுந்துவிடும். கவிதையை எடுத்துவிட்டால் படத்துக்கு ஒன்றும் ஆகாது. அப்புறம் எதுக்கு அந்த மூன்று வரி?

படம் பார்த்து எழுதுவதில் தப்பில்லை. ஓவியமும் ஹைக்கூவும் சேர்ந்த 'ஹைகா' ஜப்பானில் பழைய மரபு. 18ஆம் நூற்றாண்டின் பூசோன் கவிஞர், ஓவியரும்கூட. ஆனால் நல்ல ஹைகாவில் கவிதை ஓவியத்துக்கு உரை சொல்லாது. ஓவியம் விட்ட இடத்தில் தொடங்கும்.

பாரதி 1916இல் சுதேசமித்திரனில் ஜப்பானியக் கவிதை பற்றி எழுதியபோது வியந்தது அதன் சொற்சுருக்கத்தை. நாமும் சுருக்கத்தைப் பிடித்துக்கொண்டோம். 'கிகோ' எனும் பருவச்சொல்லைத்தான் கோட்டைவிட்டோம். பருவச்சொல் அலங்காரம் இல்லை. கவிஞன் எந்த மண்ணில், எந்த மாதத்தில் நிற்கிறான் என்பதற்கான சாட்சி.

சிம்பாங் ரெங்கத்தில் பனி பெய்யாது. சுற்றிலும் அன்னாசியும் செம்பனையும்தான். அதற்காகப் பருவமே இல்லை என்று சொல்லிவிட முடியுமா? நவம்பரில் வடகிழக்குப் பருவமழை வருகிறது. டுரியானுக்கு ஒரு காலம் இருக்கிறது. ஆண்டுத் தொடக்கத்தில் பால்மரங்கள் இலை உதிர்க்கின்றன, பால் குறைகிறது. இதையெல்லாம் விட்டுவிட்டு இணையத்துப் பனிமலைக்கு ஏன் உருக வேண்டும்?

சொல்ல வந்ததைக் காட்ட, நானே ஒன்று எழுதிப் பார்க்கிறேன்:

இலையுதிர்ந்த பால்மரம்
மங்கில் தேங்கியிருக்கிறது
நேற்றைய மழை

பெரிய கவிதை என்று சொல்லவில்லை. ஆனால் மரம், மங்கு, தண்ணீர் மூன்றையும் கேமரா பிடித்துவிடும். 'நேற்றைய' என்பதைப் பிடிக்காது. பால் இருக்க வேண்டிய மங்கில் மழைநீர் இருந்தால் அந்த வீட்டில் அன்றைய கூலி என்ன ஆனது என்பதையும் பிடிக்காது.

கண்முன் இருப்பதை எழுதச் சொன்ன மாசஓகா ஷிகி (1867–1902) கடைசி ஆண்டுகளில் முதுகெலும்புக் காசநோயால் படுத்த படுக்கையாகக் கிடந்தார். அவருக்குத் தெரிந்தது ஒரு சின்னத் தோட்டம், அவ்வளவுதான். அதையே எழுதினார்.

அடுத்த முறை எழுதி முடித்ததும் படத்தை மூடிவிட்டு வரிகளை மட்டும் வாசியுங்கள். ஏதாவது மிஞ்சுகிறதா பாருங்கள். மிஞ்சினால் அனுப்புங்கள்.