சங்கீதத் தமிழில் 'நீர்'

சிங்கப்பூர் வாட்டர்லூ தெருவில் 1878-இல் எழுந்த மகேன் அபோத் யூதத் தொழுகைக்கூடத்தில் எபிரேயத்தில் ஓதப்பெறும் பாடல்களே, அதற்கு அணித்தாக ஓஃபிர் சாலையில் தமிழ்க் கத்தோலிக்கருக்கென 1888-இல் கட்டப்பெற்ற லூர்து அன்னை ஆலயத்தில் தமிழில் ஒலிக்கின்றன. சங்கீதம் என்றும் திருப்பாடல் என்றும் வழங்கும் அந்த 150 பாடல்களும் மொழி மாறியபோது பெற்றதென்ன, இழந்ததென்ன என்பது தமிழாசிரியர் எண்ணத்தக்கது.

எபிரேய முன்னிலையில் மரியாதை வேறுபாடு இல்லை. அடியவனையும் அரசனையும் ஆண்டவனையும் ஒரே சொல்லால் விளிப்பர். தமிழிலோ நீ, நீர், நீங்கள் என மூன்று உண்டு. என்றி பவர் முன்னின்று செய்த 1871-ஆம் ஆண்டுத் திருப்புதலும், 1995-இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பும் 'நீர்' என்பதையே மேற்கொண்டன. இதனால் பாடுவோனுக்கும் இறைவனுக்கும் இடையே நெருக்கம் குன்றிற்று என்பார் உளர். மாணிக்கவாசகர் ஒருமையில் அழைத்து உருகவில்லையா என்பது அவர்தம் வினா. வினா நன்று, முடிபு பொருந்தாது.

மூலத்திலேயே அன்பும் அச்சமும் பிரிந்து நிற்பதில்லை. ஐந்தாம் சங்கீதத்தில் தனியொருவன், இறைவனின் பேரன்பை நம்பி ஆலயம் புகுவதையும், அங்கே அஞ்சிப் பணிவதையும் ஒருசேரக் கூறுகிறான். அவ்விடத்து எபிரேயச் சொல் அச்சம், பெருமதிப்பு இரண்டையும் குறிக்கும். அதனைப் 'பயபக்தி' எனப் பெயர்த்தது செம்மையே.

உயர்வுப் பன்மை உரிமையைத் தடுப்பதுமில்லை. கண்ணிழந்த சுந்தரர் திருவாரூரில் இறைவனோடு வழக்காடும் பதிகத்தை நோக்குக. சினம் மிக்க அப்பதிகத்திலும் அவர் பன்மையிலேயே விளிக்கிறார். பணிவு குறையாமல் குறைகூறுவது நெடிது பழகிய அன்பர்க்கே இயலும். காலத்தாழ்வை நான்கு முறை வினவி, முடிவில் நம்பிக்கையுடன் பாடத் தொடங்கும் பதின்மூன்றாம் சங்கீதத்தின் குரலும் அத்தகையதே.

உண்மையான இழப்பு வேறோரிடத்தில் உள்ளது. எண்பத்தெட்டாம் சங்கீதம் ஆறுதலின்றி முடிவது. மூலத்தில் அதன் கடைசிச் சொல்லே 'இருள்' என்பதாகும். 1871-ஆம் ஆண்டு உரைநடையில் வாக்கியம் வினைமுற்றில் முடிவதால் அச்சொல் இறுதியிடத்தை இழந்தது. குறுகிய இணையடிகளும் நீண்ட வாக்கியங்களுள் கரைந்தன.

ஆகவே மொழிபெயர்ப்பாளர்மீது குறைகூற விழைவோர் 'நீர்' என்பதை விடுத்து, அடியமைதியை ஆராய்தல் வேண்டும். வகுப்பில் சுந்தரர் பதிகத்தையும் பதின்மூன்றாம் சங்கீதத்தையும் அருகருகே வைத்துப் படிப்பித்தால், அடியவன் உரிமை இன்னதென மாணவர் தாமே உணர்வர்.