குன்னூர்ப் பள்ளத்தாக்கின் நடைச்சுவை

இமயத்தில் பனியாறுகள், அதாவது சரிவில் மெல்ல நகரும் பனிக்கட்டித் திரள்கள், குடைந்த பள்ளத்தாக்குகள் ‘ப’ வடிவில் அகன்றிருக்க, நீலகிரியின் குன்னூர்ப் பள்ளத்தாக்கோ ஆற்றுநீரால் அறுக்கப்பட்டதால் அடியில் கூர்ந்து ஒடுங்குகிறது. சார்னோக்கைட் எனும் கடினமான உருமாற்றப் பாறை எளிதில் தேயாததால், லாம்ஸ் ராக் போன்ற செங்குத்து விளிம்புகள் நிலைத்துள்ளன; டால்பின் நோஸ் முனையிலிருந்து எதிர்ச்சரிவில் கேத்தரின் அருவி தெரிகிறது.

தேயிலைத் தோட்டங்களின் ஊடே பக்காசுரன் கோட்டைக்கு நடப்பவர், திப்பு சுல்தான் காலத்தில் காவலிடமாக விளங்கிய அம்முகட்டிலிருந்து மேட்டுப்பாளையம் பக்கச் சமவெளியைக் காணலாம். மேலே தேயிலையும் சோலையும், அதாவது மலைமடிப்புகளில் வளரும் குட்டையான பசுமைமாறாக் காடும், கீழே பர்லியாறு, கல்லாறு பழப்பண்ணைகளில் மங்குஸ்தானும் துரியனும் விளைய, உயரத்தோடு தட்பவெப்பமும் மாறுவதை ஒரே சரிவில் உணர்வதே இம்மலைநடையின் தனிச்சுவையாகும்.