பீடத்தின் பெயரும் பீடத்தின் பயனும்

பல்கலைக்கழகப் பேராசிரியர் பீடமொன்று அதனை நிறுவியவரின் பெயரைத் தாங்கி நிற்றல் மேனாட்டார் மரபு. அத்தகைய பீடங்களின் வரலாற்றை எழுதுவோர் தொன்மையையே பெருமையாகப் பேசுவர். ஆனால் அப்பீடம் யாருக்குத் திறந்திருந்தது, எம்மொழியிற் போதித்தது என்பனவே அதனை மதிப்பிடுதற்குரிய அளவுகோல்களாகும்.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் மிகப் பழைய பேராசிரியர் பீடம் மார்கரெட் சீமாட்டியின் பெயரால் அமைந்த இறையியற் பீடமாகும். ஏழாம் ஹென்றி மன்னனின் தாயான மார்கரெட் போஃபோர்ட் 1502இல் இதனை நிறுவினார். முதலில் இதில் அமர்ந்தவர் ஜோன் பிஷர். பின்னர் எராஸ்மசும் இப்பதவியை வகித்தார். அரசனைத் திருச்சபையின் தலைவனாக ஏற்க மறுத்த பிஷர் 1535இல் சிரச்சேதம் செய்யப்பட்டார். அத்தண்டனைக்குக் காரணனான எட்டாம் ஹென்றி, பீடத்தை நிறுவிய சீமாட்டியின் பேரனே. அரச குலத்தின் கொடையால் எழுந்த பீடம் அறிஞனின் மனச்சான்றை விலைக்கு வாங்கவில்லை. எனினும், 1976இல் மோர்னா ஹூக்கர் நியமனம் பெறும்வரை, 474 ஆண்டுகளாகப் பெண்ணொருவர் அப்பீடத்தில் அமரவில்லை என்பதையும் மறத்தலாகாது.

கண்டிப் பகுதியில் இறையியற் கல்வியை வளர்த்தது கொடையாளரின் பெயரன்று, திருச்சபைகளின் தேவையே. பாப்பரசர் பதின்மூன்றாம் லியோவின் முயற்சியால் 1893இல் அம்பிட்டியிற் குருமடமொன்று எழுந்தது. இயேசு சபையினர் அதனை நடத்தினர். இந்தியாவுக்கும் இலங்கைக்கும் சுதேசக் குருமாரை உருவாக்குவதே அதன் நோக்கம். நோக்கம் சுதேசமாயினும், அக்காலக் குருத்துவக் கல்வியின் மொழி இலத்தீனாகவே இருந்தது. 1955இல் அக்குருமடம் பூனாவுக்கு மாற்றப்பட்டது. அம்பிட்டி இலங்கையின் தேசிய குருமடத்துக்கு இடமாயிற்று. 1963இல் பிலிமத்தலாவையிற் புரட்டஸ்தாந்து சபைகள் கூடி அமைத்த இறையியற் கல்லூரி, சிங்களத்தையும் தமிழையும் போதனா மொழிகளாகக் கொண்டது. தொன்மையிற் கேம்பிரிட்ஜுக்கு ஈடாகாத இக்கல்லூரி, மொழி என்னும் அளவுகோலில் உயர்ந்தே நிற்கின்றது.

ஆயினும் குருமடமும் இறையியற் கல்லூரியும் முதன்மையாகத் திருப்பணிக்கு ஆயத்தமாவோரின் நிலையங்கள். சமய வேறுபாடின்றி எவரும் வினா எழுப்பக்கூடிய களம் பல்கலைக்கழகமே. இது தமிழ் பயில்வோரை நேரே பாதிக்கும் விடயம். சைவ சித்தாந்தத்தின் துணையின்றித் திருமுறைகளை விளக்குவது குறையுடைத்து என்பதை யாவரும் ஒப்புவர். அவ்வாறாயின், மீட்பு, மனிதாவதாரம் ஆகிய கருத்துக்களை அறியாது வீரமாமுனிவரின் தேம்பாவணியையோ கிருஷ்ணபிள்ளையின் இரட்சணிய யாத்திரிகத்தையோ விளக்குவதும் குறையுடைத்தே. யாப்பையும் அணியையும் மட்டும் கூறி நின்றுவிடும் விளக்கம் காப்பியத்தின் வாயிலோடு திரும்பிவிடுகின்றது.

ஆகவே, கிறித்தவ சிந்தனையைத் தமிழிற் போதிக்கும் பல்கலைக்கழகப் பீடம் கிறித்தவர்க்கு வழங்கும் சலுகையாகாது. தமிழ் இலக்கியத்தை முழுமையாகக் கற்க விரும்பும் அனைவரின் தேவையாகும். பேராதனையிலிருந்து பிலிமத்தலாவை தொலைவிலில்லை. இரு நிலையங்களின் அறிவும் ஒன்றையொன்று சந்திக்குமாயின், அப்பீடத்துக்கு எவர் பெயர் சூட்டப்படும் என்பது பின்னர் தீர்மானிக்கத்தக்க சிறு விடயமே.