நேர்முகப் பரீட்சையும் நகைச்சுவையும்: ‘தில்லுமுல்லு’ பற்றிய ஒரு நோக்கு

நகை என்னும் மெய்ப்பாடு எள்ளல், இளமை, பேதைமை, மடன் ஆகிய நான்கினையும் நிலைக்களனாகக் கொண்டு பிறக்கும் என்பது தொல்காப்பியர் கருத்து. இவற்றுட் பேதைமையாவது அறிவின்மை எனவும், மடனாவது பிறர் கொளுத்தியதைப் பற்றிக்கொண்டு விடாதிருத்தல் எனவும் உரைகாரர் வேறுபடுத்துவர். பழைய இலக்கணப் பாகுபாடாயினும் இக்காலத் திரைப்பட நகைச்சுவையை ஆராய்வதற்கும் இது துணைசெய்கின்றது. கே. பாலசந்தரின் இயக்கத்தில் 1981ஆம் ஆண்டு வெளிவந்த ‘தில்லுமுல்லு’ திரைப்படத்தின் நேர்முகப் பரீட்சைக் காட்சியை இவ்வடிப்படையில் நோக்குவோம்.

ஹிருஷிகேஷ் முகர்ஜி 1979இல் இந்தியில் உருவாக்கிய ‘கோல்மால்’ படத்தின் தமிழாக்கமே ‘தில்லுமுல்லு’. தமிழில் உரையாடலை விசு எழுதினார். நிறுவன உரிமையாளர் ராமச்சந்திரமூர்த்தி சில கொள்கைகளில் அசையாத பிடிப்புடையவர். இளைஞனுக்கு மீசை வேண்டும். நவநாகரிக உடை ஆகாது. விளையாட்டில் நாட்டமுடையவன் தொழிலுக்கு உதவான். இவற்றை அறியாத இளைஞர் ஒருவர்பின் ஒருவராக அவர்முன் வருகின்றனர். கவர்ச்சியான உடையும், தயக்கமற்ற பேச்சும், விளையாட்டுலகம் பற்றிய அறிவும் தமக்குத் துணைநிற்கும் என்பது அவர்களது நம்பிக்கை. அந்நம்பிக்கை மிகுந்தோறும் அவர்களது தோல்வியும் உறுதியாகின்றது.

கதாநாயகனாகிய சந்திரனோ, குடும்பத்துக்கு வேண்டிய மருத்துவர் வாயிலாக உரிமையாளரின் இயல்பை முன்னரே அறிந்தவன். உதைபந்தாட்டத்தில் உயிரையே வைத்திருப்பவன், விளையாட்டென்றால் யாதென அறியாதவன்போல் நிற்கின்றான். குட்டையான ஜிப்பா அணிந்து, அய்யம்பேட்டை அறிவுடைநம்பி கலியபெருமாள் சந்திரன் எனத் தன் பெயரைப் பணிவுடன் நீட்டி முழக்குகின்றான். உத்தியோகம் அவனுக்கே கிடைக்கின்றது.

இங்கு நகைப்புக்கு இடமாவோர் யாவர்? மேலோட்டமாக நோக்குமிடத்து, அளவுகடந்த தன்னம்பிக்கையோடு விடைகூறி வெளியேற்றப்படும் இளைஞரே எனலாம். ஆனால் அவர்கள் தாம் பேசும் பொருளை அறியாதவரல்லர். அவர்கள் அறியாதது பரீட்சகரின் மனத்தை மட்டுமே. அவர்களது பேதைமை, நேர்முகப் பரீட்சை தம் அறிவை அளக்கும் என்று நம்பியதில் அடங்கியுள்ளது. மறுபுறம், பற்றியதை விடாத உரிமையாளரிடத்தே மடன் விளங்குகின்றது. அப்பாத்திரத்தை ஏற்ற தேங்காய் சீனிவாசன், அதன் நம்பிக்கைகளை வேடிக்கையாகக் கருதாது முழு ஈடுபாட்டுடன் நடித்தமையே காட்சியின் வெற்றிக்குத் தலையாய காரணம். பேதைமையும் மடனும் ஒரே மேசையின் இருபுறமும் எதிரெதிரே அமர்கின்றன. இரண்டையும் அறிந்த சந்திரன் இடையிற் புகுந்து ஆதாயம் பெறுகின்றான்.

உண்மையில், வெளியேற்றப்பட்டோரினும் மிகுந்த தன்னம்பிக்கையுடையவன் சந்திரனே. பணிவு என்பது அவன் அணிந்த மற்றொரு ஜிப்பா. விளையாட்டரங்கில் உரிமையாளர் கண்ணிற்பட்டதும், மீசையில்லாத இந்திரன் என்றொரு தம்பியைக் கற்பிக்கவேண்டி நேருகின்றது. ஒரு பொய்யைக் காக்க வேறு பொய்கள் அணிவகுக்கின்றன. இவ்வகையில், படத்தின் எஞ்சிய பகுதி முழுவதும் நேர்முகப் பரீட்சையிற் கூறிய விடைகளின் விரிவேயாகும். ரஜினிகாந்தின் முதலாவது முழுநீள நகைச்சுவைப் பாத்திரம் இது என்பதும் குறிப்பிடத்தக்கது.

இக்காட்சியின் எல்லையை உணர்வதற்கு, சத்தியஜித் ரேயின் வங்காளப் படமாகிய ‘பிரதித்வந்தி’யை (1970) ஒப்புநோக்கலாம். கடந்த பத்தாண்டுகளின் தலையாய நிகழ்ச்சி யாதெனப் பரீட்சகர் வினவ, சந்திரனில் மனிதன் இறங்கியதைக் கூறாது வியட்நாம் போரைக் கூறுகின்றான் சித்தார்த்தன். விஞ்ஞான வளர்ச்சியின் போக்கில் முன்னையது எதிர்பார்க்கத்தக்கது. எளிய மக்களின் எதிர்ப்பாற்றல் எவரும் எதிர்பாராதது என்பது அவன் வாதம். உடனே அவன் பொதுவுடைமைவாதியா என்ற வினா எழுகின்றது. சித்தார்த்தனும் பரீட்சகரின் மனத்துக்கு ஒவ்வாத விடை கூறியவனே. ஆனால் அங்கு நாம் நகைப்பதில்லை. அவனது நிலைக்கு இரங்குகின்றோம். காரணம், ரே தோற்றவனைப் பின்தொடர்கின்றார்; ‘தில்லுமுல்லு’ வென்றவனைப் பின்தொடர்கின்றது.

பாலசந்தர் இவ்வேறுபாட்டை அறியாதவரல்லர். 1980இல் வெளிவந்த அவரது ‘வறுமையின் நிறம் சிவப்பு’, கற்றும் தொழிலற்று டெல்லியில் அலையும் இளைஞரைச் சித்திரித்தது. அதன் நாயகன் ஈற்றில் முடிதிருத்தும் தொழிலை ஏற்கின்றான். அடுத்த ஆண்டிலேயே, அதே பிரச்சினை தனியொருவனின் சாமர்த்தியத்தால் தீர்வதாகக் காட்டினார்.

நகைச்சுவைப் படத்திற் சமூக ஆராய்ச்சியை எதிர்பார்த்தல் பொருந்தாது எனச் சிலர் கூறக்கூடும். அவ்வாறு எதிர்பார்ப்பது எம் நோக்கமன்று. தகுதி எனப்படுவது பல வேளைகளில் முதலாளியின் விருப்பு வெறுப்பே என்பதை இப்படம் சிரிப்பின் மூலம் தெளிவாக உணர்த்துகின்றது. அதன் சிறப்பு அதுவே. ஆயினும் அச்சிரிப்பு பாதிவழியில் நின்றுவிடுகின்றது. அந்த அறையில் தம்மைப் பற்றி உண்மை கூறியோர் வெளியேற்றப்பட்ட இளைஞர் மாத்திரமே. அவர்களைப் பார்த்துச் சிரித்த நாம், அவர்கள் எங்கே சென்றனர் எனக் கேட்பதில்லை, படமும் கேட்பதில்லை. எள்ளல் எளியோரை நோக்கித் திரும்பும்போது நகைச்சுவை தன் கூர்மையை இழக்கின்றது என்பதற்கு இச்சிறந்த காட்சியே ஓர் எடுத்துக்காட்டாகவும் அமைகின்றது.