பெற்றதன் கணக்கு: ஜப்பானியப் பௌத்த குருமார்களும் உளச்சிகிச்சையும்

ஜப்பானில் நாரா நகருக்கு அருகே யமாதோகோரியாமா என்று ஓர் ஊர். அங்கே ஒரு வீட்டில், அறையின் மூலையை மடக்குத்திரையால் மறைத்து, அதற்குள் ஒருவரை ஒரு வாரம் உட்கார வைப்பார்கள். விடியற்காலையிலிருந்து இரவு ஒன்பது மணிவரை அவருக்கு ஒரே வேலைதான். மூன்று கேள்விகளுக்கு நினைவிலிருந்து பதில் தேட வேண்டும். அம்மா எனக்கு என்ன செய்தாள்? பதிலுக்கு நான் அவளுக்கு என்ன செய்தேன்? அவளுக்கு நான் என்ன தொல்லை கொடுத்தேன்? முதலில் பள்ளிக்குப் போகும் முன்பான வயது, பிறகு தொடக்கப்பள்ளிக் காலம் என்று ஆண்டுகளை வரிசையாகக் கடந்து வர வேண்டும். அம்மா முடிந்ததும் அப்பா, அடுத்து கணவனோ மனைவியோ, கூடப் பிறந்தவர்கள், முதலாளி. அவர்கள் எனக்கு என்ன தீங்கு செய்தார்கள் என்ற கேள்வி மட்டும் கிடையாது. அதை யாரும் சொல்லிக்கொடுக்காமலே நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்கிறோம் என்பது இந்த முறையைக் கையாள்பவர்களின் வாதம்.

இதன் பெயர் நைகான். வகுத்தவர் யோஷிமோதோ இஷின் (1916–1988). வணிகராக இருந்து, பின்னர் ஜோதோ ஷின்ஷூ (சுருக்கமாக ஷின்) எனப்படும் அமிதாப புத்தர் மரபில் குருவானவர்.

பௌத்தமும் உளச்சிகிச்சையும் சந்தித்த கதையை எழுதுபவர்கள் வழக்கமாக 1957இல் தொடங்குவார்கள். மெக்சிகோவின் குவர்னவாகாவில் உளப்பகுப்பாய்வாளர் எரிக் ஃப்ரம் கூட்டிய மாநாடு அது. அன்பு ஒரு கலை என்று வாதிடும் நூலை அவர் அதற்கு முந்தைய ஆண்டுதான் வெளியிட்டிருந்தார். எண்பதைக் கடந்த ஜப்பானிய அறிஞர் டி. டி. சுசுகி ஜென் பற்றிப் பேச, உளப்பகுப்பாய்வாளர்கள் கேட்டார்கள். அங்கிருந்து கதை கலிபோர்னியாவுக்கும் தியான வகுப்புகளுக்கும் கைபேசிச் செயலிகளுக்கும் ஓடும். பலமுறை சொல்லித் தேய்ந்த கதை. அதில் வரும் பௌத்தர் தனியாக, முதுகை நிமிர்த்தி, மூச்சைக் கவனித்தபடி அமர்ந்திருப்பார். ஆனால் ஜப்பானின் பௌத்த குரு பெரும்பாலும் குடும்பஸ்தர். கோயிலிலேயே மனைவி மக்களோடு வாழ்ந்து, ஊராரின் ஈமச்சடங்குகளை நடத்தி, அவர்கள் வீட்டுச் சண்டைகளையும் கேட்டுக்கொண்டிருப்பவர். அன்பைப் பற்றி அவர் சொல்வதற்கு வேறு விஷயங்கள் இருக்கின்றன. அவை உளச்சிகிச்சைக்குள் நுழைந்ததும் குவர்னவாகாவுக்குக் கால் நூற்றாண்டு முன்பே.

அந்தக் குடும்பஸ்த குருவின் மூலவர், ஷின் மரபின் முதல்வர் ஷின்ரான் (1173–1263). ஒன்பது வயதில் ஹியேய் மலை மடத்தில் சேர்ந்து இருபது ஆண்டுகள் பயின்றும் ஆசை அடங்கவில்லை. 1201இல் மலையை விட்டு இறங்கி, கியோத்தோவின் ரொக்காகுதோ கோயிலில் நூறு நாள் நோன்பு இருந்தார். தொண்ணூற்றைந்தாம் நாள் விடியலில் அவருக்கு ஒரு காட்சி கிடைத்தது. கனவில் வந்தவர் கன்னோன், அதாவது அவலோகிதர். அகத்தியருக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்ததாக வீரசோழியம் சொல்லும் அதே அவலோகிதர்தான். வினைப்பயனால் நீ ஒரு பெண்ணைக் கூட நேர்ந்தால் அந்தப் பெண்ணாக நானே வருவேன், இறுதிவரை உடனிருப்பேன் என்று அவர் வாக்களித்ததாக மரபு சொல்கிறது. 1207இல் ஷின்ரானின் ஆசான் ஹோனெனின் கூட்டம் தடைசெய்யப்பட்டது. ஷின்ரான் துறவுநிலை பறிக்கப்பட்டு எச்சிகோவுக்கு நாடுகடத்தப்பட்டார். அதன் பிறகு தன்னைத் துறவியும் அல்லாதவன், இல்லறத்தானும் அல்லாதவன் என்று சொல்லிக்கொண்டார். மனைவி எஷின்னி, பிள்ளைகள் பலர்.

எஷின்னியின் கடிதங்கள் பத்து, 1921இல் கியோத்தோவின் நிஷி ஹொங்கான்ஜி கோயில் களஞ்சியத்தில் கிடைத்தன. பெரும்பாலும் கணவர் இறந்த பின் மகள் ககுஷின்னிக்கு எழுதியவை. ஒன்றில் ஒரு பழைய கனவைச் சொல்கிறார். அந்தக் கனவில் ஹோனென் ஒரு போதிசத்துவராகவும் தன் கணவர் கன்னோனாகவும் தெரிந்தார்களாம். ஹோனெனைக் கண்ட பாதியைக் கணவரிடம் சொன்னவர், அவரைப் பற்றிய பாதியைக் கடைசிவரை சொல்லவே இல்லை. கணவனும் மனைவியும் ஒருவரில் ஒருவர் அவலோகிதரைக் கண்டார்கள் என்று இன்று பிரசங்கிகள் உருகுவார்கள். அதே கடிதங்களில் பஞ்சம் இருக்கிறது, துணித் தட்டுப்பாடு இருக்கிறது, மகளுக்கு விட்டுச்செல்ல வேண்டிய அடிமைப் பணியாட்களின் கணக்கும் இருக்கிறது. இந்தப் பகுதிகளையும் சேர்த்துப் படித்தால்தான் அந்த இல்லறம் உண்மையாகத் தெரிகிறது.

ஷின்ரானின் பேச்சைச் சீடர் ஒருவர் தொகுத்த தன்னிஷோ, அன்பைப் பற்றிக் கறாராகப் பேசும் நூல். மனிதன் எவ்வளவுதான் இரங்கினாலும், நினைத்தபடி இன்னொருவரைக் காப்பாற்ற அவனால் ஆகாது. எந்த அன்பும் பாதியில் நின்றுவிடும். எனவே அன்பைச் சாதித்துக் காட்டும் முயற்சியில் இந்த மரபுக்கு நம்பிக்கை இல்லை. தகுதி பாராமல் தனக்கு ஏற்கெனவே கிடைத்துவிட்ட அருளை உணர்வதிலிருந்து அது தொடங்குகிறது. மேற்கத்திய உளச்சிகிச்சை பெரும்பாலும் எனக்குக் கிடைக்காமல் போனது எது என்று கேட்கிறது. கிடைத்தது எது என்று கேட்பவர் ஷின் குரு. சிகிச்சையறையில் இந்தத் திசைமாற்றம் என்ன செய்தது என்பதற்கு முதல் சாட்சி ஓர் அரசனின் கதை.

அஜாதசத்ரு தந்தை பிம்பிசாரனைச் சிறையிட்டுப் பட்டினி போட்டான். அரசி வைதேகி குளித்துவிட்டு, தேனும் நெய்யும் கலந்த மாவை உடம்பில் பூசிக்கொண்டு போய்க் கணவனுக்கு ஊட்டினாள். விஷயம் தெரிந்ததும் மகன் அவள் மேலும் வாளை ஓங்கினான், அமைச்சர்கள் தடுத்தார்கள். தந்தை இறந்தபின் அவன் உடலெல்லாம் புண்ணாகிக் காய்ச்சல் கண்டது. மகாபரிநிர்வாண சூத்திரத்தில் புத்தர் நிலவொளி போன்ற அன்பின் சமாதியில் ஆழ்கிறார். அதன் குளிர்ச்சி அரசனின் உடலைத் தொட்டு ஆற்றுகிறது. ஷின்ரான் தன் பெருநூலில் இந்தப் பகுதியைப் பக்கம் பக்கமாக எடுத்து எழுதிவைத்தார்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தக் கதையைப் பிரசங்க மேடைக்குக் கொண்டுவந்தவர் சிகாசுமி ஜோகான் (1870–1941). ஷின் மரபின் ஓதானிக் கிளையைச் சேர்ந்த குரு. நட்புகள் கசந்து, நோயும் சேர்ந்துகொள்ள 1897இல் நொறுங்கிப்போய், புத்தரே உற்ற நண்பர் என்று தேறியவர். அந்த அனுபவத்தை மேடை மேடையாகச் சொன்னார். மேல்நாட்டுச் சமய அமைப்புகளைப் பார்வையிட்டுத் திரும்பி, 1902இல் தோக்கியோவின் ஹொங்கோ பகுதியில் மாணவர் விடுதி ஒன்றைத் திறந்தார். 1915இல் பிரசங்க மண்டபமும் எழுந்தது. பையன்கள் சேர்ந்து வாழ்ந்து, தங்கள் வீழ்ச்சியை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் இடம் அது. அதைக் கூட்டுச் சிகிச்சை என்று அன்று யாரும் அழைக்கவில்லை.

சிகாசுமியின் தாக்கத்தில் வளர்ந்த கோசவா ஹெய்சாகு (1897–1968) மருத்துவம் படித்து, 1932இல் வியன்னா போனார். ஃப்ராய்டின் கையில் ஒரு கட்டுரையைக் கொடுத்தார். குற்றவுணர்வு இரண்டு வகை என்பது அதன் சாரம். தண்டனைக்கு அஞ்சுவதால் வருவது ஒன்று. தண்டிக்கப்பட வேண்டிய இடத்தில் மன்னிக்கப்படுவதால் வருவது மற்றொன்று. சமயத்தை விளைவிப்பது முதலாவது என்றால் அது ஃப்ராய்டின் கதை. இரண்டாவது என்றால் அஜாதசத்ருவின் கதை. ஃப்ராய்டு மரியாதையாக வாங்கிக்கொண்டார், அதற்கு மேல் ஆர்வம் காட்டவில்லை. இதில் வேறொரு விஷயமும் உண்டு. சூத்திரத்தில் அரசனை ஆற்றுபவர் புத்தர். கோசவாவின் கதையில், பிறக்கும் முன்பே தன்னைக் கொல்லப் பார்த்த தாயை மகன் வெறுக்கிறான், அவளே அவன் புண்ணைக் கழுவி மன்னிக்கிறாள். தந்தைக் கொலை பின்னால் போய்விட்டது. அவருடைய மாணவர் ஒகோனோகி கேய்கோ இதை மேலும் வளர்த்தார். சூத்திரத்தைத் திரித்துவிட்டார்கள் என்று குறை சொல்லலாம். சோஃபோக்ளீசை ஃப்ராய்டு படித்த விதத்தைவிட இது மோசமில்லை என்பது என் எண்ணம்.

யோஷிமோதோவின் பாதையில் மருத்துவமே இல்லை. ஊண், நீர், உறக்கம் மூன்றையும் விட்டு, இந்தக் கணம் செத்தால் எங்கே போவேன் என்று தன்னைக் கிழித்துப் பார்க்கும் ‘மிஷிராபே’ என்ற கடும் பயிற்சி சில ஷின் குழுக்களிடம் இருந்தது. பலமுறை முயன்று தோற்று 1937இல் அதில் தேறிய யோஷிமோதோ, பட்டினியையும் சமயச் சொற்களையும் நீக்கி எல்லோருக்கும் ஆன முறையாக அதை மாற்றினார். தொழிலை விட்டு, 1953இல் சொந்த ஊரில் நைகான் நிலையம் திறந்தார். மனைவி கினுகோ பயிற்சியாளர்களுக்குச் சமைத்துப்போட்டார். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வழிநடத்துபவர் வந்து, திரைக்கு முன் நெற்றி தரையில் படக் கும்பிட்டுவிட்டுத் திரையை விலக்கி, என்ன கண்டீர்கள் என்று கேட்பார். சொல்வதைக் கேட்டு, நன்றி சொல்லிப் போய்விடுவார். விளக்கம் கிடையாது, ஆறுதலும் கிடையாது. பிறந்ததிலிருந்து தன்னை வளர்க்க ஆன செலவை யென்னில் கூட்டிப் பார்க்கவும் சொல்வார்கள். குடிநோயாளி குடித்த பணத்தைக் கணக்குப் பார்ப்பார். 1950களிலேயே இது சிறைகளுக்குள் போயிற்று. பிறகு குடிநோய் மருத்துவமனைகளுக்கும், 1980இல் ஆஸ்திரியாவுக்கும்.

கும்பிடும் அந்த நொடியைத்தான் இந்த மரபின் ஆகச் சிறந்த கண்டுபிடிப்பாக நினைக்கிறேன். சிகிச்சை தருபவர் பெறுபவரின் முன் விழுகிறார். ஆனால் அடித்து வளர்த்த, அல்லது அதைவிடக் கொடுமை செய்த தாய் தகப்பனுடைய பிள்ளை அந்தத் திரைக்குள் உட்கார்ந்தால் என்ன ஆகும்? தரப்பட்ட சோற்றையும் கொடுத்த தொல்லையையும் எண்ணும்படி அந்தப் பிள்ளையிடம் சொல்வது மருந்தா, இரண்டாம் அடியா? தீங்கைப் பேசிமுடிக்காதவரிடம் நன்றியைக் கேட்பது கொடுமைக்காரனின் பக்கம் நிற்பதுதான். அந்தக் கேள்விப் பட்டியல் முழுமையானது என்று என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை.

இதே இடத்தை வேறு வழியில் தொட்டவர் டேவிட் பிரேசியர். இங்கிலாந்துக்காரர், உளச்சிகிச்சையாளர், தர்மவித்யா என்ற பெயருடன் அமிதாப மரபில் குருவும்கூட. நேசிக்கப்பட வேண்டும் என்பது மனிதனின் அடிப்படைத் தேவை என்றார் உளவியலாளர் கார்ல் ராஜர்ஸ். 2009இல் வந்த அன்பும் அதன் ஏமாற்றமும் பற்றிய நூலில் பிரேசியர் அதைத் திருப்பிப் போட்டார். நேசிப்பதே தேவை, அது தடைப்படும்போதுதான் மனம் கோணிப்போகிறது என்பது அவர் கட்சி. அடிபட்ட பிள்ளையின் துயரம், அம்மாவை நேசிக்க முடியாமல் போனதிலும் இருக்கிறது. தீங்கை மறைக்காமலே நைகானின் திசையைக் காப்பாற்ற இது இடம் தருகிறது.

இனி சங்கம். தனக்கு ஒரு சீடன்கூட இல்லை என்று ஷின்ரான் சொன்னதாகத் தன்னிஷோ பதிகிறது. எல்லோரும் உடன் நடப்பவர்களே. அப்படிச் சொன்னவர் 1256இல், இரவில் தந்தை ரகசியமாகப் போதித்தார் என்று சொல்லி ஆட்களைத் தன் பக்கம் இழுத்த மூத்த மகன் சென்ரானுடன் உறவை அறுத்துக் கடிதம் எழுத நேர்ந்தது. அவர் கல்லறையைச் சுற்றி எழுந்த ஹொங்கான்ஜியோ இன்றுவரை அவருடைய வாரிசுகளின் தலைமையில் இருக்கிறது. சீடனே இல்லாதவரின் பெயரில் பரம்பரை மடம்! அமெரிக்காவில் ஷின் கோயில்கள் சாதாரணக் குடும்பச் சங்கங்களாகவே வளர்ந்தன. 1899இல் சான் பிரான்சிஸ்கோவில் இரண்டு குருமார் இறங்கியதில் தொடங்கியவை அவை. ஞாயிறு வழிபாடு, மூதாதையரை நினைக்கும் போன் நடனம், நிதி திரட்டச் சமையல். அதே ஊரின் ஜென் மையத்தில் 1983இல் பெரும் நெருக்கடி வெடித்தது. தலைவர் ரிச்சர்ட் பேக்கரின் பெண் உறவுகளும் பணச்செலவும் கேள்விக்குள்ளாகி அவர் விலக நேர்ந்தது. ஆன்மிகத்தைக் காட்டிச் சொந்த மனப்புண்களைச் சுற்றிக்கொண்டு போகும் பழக்கத்துக்கு உளவியலாளர் ஜான் வெல்வுட் ஒரு பெயர் சூட்டியதும் அந்த ஆண்டுகளில்தான். ஞானம் பெற்ற ஆசானைத் தேடிப்போன கூட்டத்தைவிட, நம் குருவும் நம்மைப்போல் ஒன்றுக்கும் ஆகாதவர்தான் என்று தெரிந்த கூட்டம் கொஞ்சம் பாதுகாப்பானது. கொஞ்சம்தான்.

ஏனென்றால் கருணையும் விழுங்கும். கோசவா நோயாளிகளைத் தாயின் மன்னிப்பில் கரைத்துவிடப் பார்த்தார். காப்பாற்றியே தீருவது என்று உறுதி பூண்டவர். அவரிடம் பயின்ற தோய் தகேயோவுக்கு அந்த அணைப்பில் மூச்சுமுட்டி, பிரிந்து போனார். பிறகு 1971இல், பிறர் அன்பில் சலுகை கொண்டு சாயும் ஜப்பானிய மனத்தைப் பற்றிப் புகழ்பெற்ற நூலை அவர் எழுதியதில் அந்தப் பிரிவுக்கும் பங்கு இருந்திருக்கும் என்று ஊகிக்கலாம்.

விழுங்காமல் கேட்கும் கருணையும் உண்டு. 2011 மார்ச் சுனாமிக்குப் பிறகு மியாகி மாகாணத்தில் கானெதா தாய்யோ என்ற ஜென் குரு, தற்காலிகக் குடியிருப்புகளுக்கு வண்டியில் தேநீரும் கேக்கும் எடுத்துக்கொண்டு போனார். ஜாஸ் ஒலிக்கும் அந்த நடமாடும் கடைக்கு ‘கஃபே டி மாங்க்’ என்று பெயர். மக்கள் உட்கார்ந்து களிமண்ணில் ஜிசோ போதிசத்துவரின் சிறு உருவங்கள் பிடிப்பார்கள், தோன்றினால் பேசுவார்கள், புலம்புவார்கள், கடல் கொண்டுபோனவர்களையும் அரசாங்கத்தையும் திட்டுவார்கள். குரு கேட்டுக்கொண்டிருப்பார். இல்லத்திலேயே மரணத்தை எதிர்கொள்பவர்களைக் கவனித்துவந்த மருத்துவர் ஒகாபே தகேஷியின் தூண்டுதலோடு, சென்தாய் நகரின் தொஹோகு பல்கலைக்கழகம் 2012இல் இப்படிக் கேட்பதற்கென்றே பயிற்சி தொடங்கியது. பௌத்தரும் கிறித்தவரும் ஷிந்தோக்காரரும் சேர்ந்து படிக்கிறார்கள். மருத்துவமனைக் கட்டில் அருகே சமயப் பிரசாரம் செய்யக்கூடாது என்பது அங்கே விதி. கேட்டுவந்த உரையாடலை நினைவிலிருந்து எழுதி, சக மாணவர் முன் வைத்து, எந்த இடத்தில் நாமே பேசத் தொடங்கினோம் என்று பார்ப்பது முக்கியமான பாடம். கியோத்தோவில் ஷின் மரபின் ரியுகோகு பல்கலைக்கழகமும் இப்போது இதைக் கற்பிக்கிறது.